நடை பழகும் குழந்தைக்கு நொறுக்குத்தீனி: சர்க்கரை எந்த வழியாக நுழைகிறது?

முதல் பிறந்தநாள் வரை மளமளவென்று எடை கூடிய குழந்தை, அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெற்றவர்களுக்கு இது பெரிய கவலை. உடலுக்கோ இயல்பான மாற்றம். பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை ஓராண்டு முடிவில் ஏறக்குறைய 9 கிலோவைத் தொடுகிறது. அடுத்த ஓராண்டில் கூடுவது சுமார் இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமானால் பசியும் நிதானமாகும். ஆனால் தட்டில் பாதி மிச்சம் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கு மனசு கேட்கும்? ‘எதையாவது வாயில் போட்டுக்கொண்டால் போதும்’ என்று ஒரு பிஸ்கட், அரை மணி நேரம் கழித்துக் கொஞ்சம் ஜூஸ், அழுகையை நிறுத்த இன்னொரு பிஸ்கட். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குப் பசி இருக்காது. அந்த வேளையும் தட்டு மிஞ்சும். மறுபடியும் பிஸ்கட்.

இந்த வயதில் சர்க்கரை பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வருகிறது: இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே, பெரியவர்களின் பதற்றத்தில் ஏறிக்கொண்டு. எனவே ‘சர்க்கரை குறைவான தின்பண்டம் எது’ என்று கேட்பதற்கு முன், அதை எப்போது, எதற்காகக் கொடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எவ்வளவு சர்க்கரை அதிகம் என்பதற்குத் தெளிவான அளவுகோல்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு நாளில் நாம் பெறும் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே சர்க்கரையிலிருந்து வர வேண்டும். 5 சதவீதத்துக்கும் கீழே இறக்கினால் இன்னும் நல்லது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம் 50 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி என்பதால், கணக்கு சுமார் 12 கிராமில் வந்து நிற்கிறது. மூன்று டீஸ்பூன். அமெரிக்க இதய சங்கம் 2016-ல் இதைவிடக் கறாராகச் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை சேர்க்கப்பட்ட சர்க்கரையே வேண்டாம், அதற்குப் பிறகு 18 வயது வரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள். நடைமுறையில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பூஜ்யத்தைக் குறியாக வைத்துக்கொண்டு, அவ்வப்போது தவறினால் பதறாமல் இருப்பதே சரி என்பது என் கட்சி.

இந்த 12 கிராமில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையும், பாலிலும் சர்க்கரை சேர்க்காத தயிரிலும் இயல்பாக இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையும் இந்தக் கணக்கில் வராது. தேன் வரும். பழுப்புச் சர்க்கரை வரும். எந்தப் பாகானாலும் வரும். பழச்சாறும் வரும், வீட்டிலேயே பிழிந்தாலும், ஒரு சிட்டிகை சர்க்கரை போடாவிட்டாலும். பழச்சாற்றை இந்தப் பட்டியலில் பார்த்ததும் ‘பழம்தானே, எப்படித் தப்பாகும்?’ என்று கேட்பவர்கள் அதிகம். ஆரஞ்சைச் சுளை சுளையாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தை கடித்து, உறிஞ்சி, பாதியைத் துப்பி, ஒரு பழத்தை முடிப்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். அதே குழந்தை மூன்று பழத்தின் சாற்றைக் குவளையில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். நார் போய்விட்டது, மெல்லும் வேலை போய்விட்டது, வயிறு நிறைந்ததற்கான அடையாளமும் கூடவே போய்விட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-ல் வகுத்த விதி: ஒரு வயதுக்குள் பழச்சாறு வேண்டாம்; ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நாளொன்றுக்கு 120 மில்லிக்கு மேல் போகக் கூடாது.

தேனைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஒரு வயது முடியும்வரை தேனை நாக்கில் தடவவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகளைத் தளர்த்தி, மூச்சையே பாதிக்கக்கூடிய நோய் அது. ஒரு வயதுக்குப் பிறகு அந்த ஆபத்து நீங்கிவிடுகிறது. அப்போதும் தேன் சர்க்கரைதான். ‘இயற்கையானது’ என்பதால் பல்லும் ஈரலும் அதற்குச் சலுகை தருவதில்லை.

பல்லுக்கு அளவைவிட முக்கியமானது, எத்தனை முறை என்பது. இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களில் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன. வாயின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சமன்செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். காலையில் ஒரே தடவையில் நாலு பிஸ்கட் தின்ற குழந்தையின் பல் ஒருமுறை அடி வாங்குகிறது. அதே நாலு பிஸ்கட்டை அரை மணிக்கு ஒன்றாகக் கொறித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எனாமல் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. சுவீடனில் விபெஹோல்ம் என்ற மனநல மருத்துவமனையில் 1940-களில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்த சர்க்கரையைவிட, இடையிடையே கொடுத்த ஒட்டும் தன்மையுள்ள டாஃபிகளே பற்களை அதிகம் சொத்தையாக்கின. (தங்கள் சம்மதத்தைச் சொல்ல இயலாத நோயாளிகளின் பற்களைக் கெடுத்துக் கண்டறிந்த உண்மை இது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.) படுக்கையில் பால்புட்டியோடு தூங்கவைப்பதன் கெடுதலும் இதே கணக்கில்தான் வருகிறது: தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும், பாலின் லாக்டோஸ் பல்லிலேயே தங்கிவிடும்.

சிறு வயதுச் சர்க்கரை பெரிய வயதுவரை தொடருமா என்பதற்கு வரலாறே ஒரு சோதனையை நடத்திக் கொடுத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் கொண்டுவரப்பட்ட சர்க்கரைப் பங்கீடு (ரேஷன்) 1953 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. வந்ததும் மக்கள் உண்ணும் சர்க்கரை ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் கருவான குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2024-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. கருவில் இருந்த காலமும் முதல் இரண்டு ஆண்டுகளும் பங்கீட்டுக்குள் கழிந்தவர்களுக்கு, நடுவயதுக்குப் பிறகு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைந்திருந்தது. அந்தப் பங்கீட்டு அளவு பட்டினி அளவு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்; இன்றைய பரிந்துரைகளுக்கு நெருக்கமாகவே அது இருந்தது.

ஒரு பழியிலிருந்து மட்டும் சர்க்கரையை விடுவித்துவிடலாம். இனிப்பு தின்றால் குழந்தை தலைகால் புரியாமல் ஆடும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. குழந்தைக்குச் சர்க்கரை கொடுத்திருப்பதாகச் சொல்லி, உண்மையில் கொடுக்காமல் விட்டபோதும், தாய்மார்கள் ‘இன்று ஆட்டம் அதிகம்’ என்றே மதிப்பிட்டார்கள். பிறந்தநாள் விழாவில் ஆட்டம் போடவைப்பது பெரும்பாலும் கூட்டமும் குதூகலமும்தான். சர்க்கரையைக் குறைக்கப் போதுமான காரணங்கள் வேறு இருக்கின்றன. இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை.

சரி, என்னதான் கொடுப்பது?

ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தையின் வயிறு சிறியது. மூன்று வேளைச் சாப்பாட்டில் அன்றைய தேவை முழுவதையும் அடக்க முடியாது. அதனால் நடுவில் ஒன்றிரண்டு முறை ஏதாவது கொடுப்பது அவசியமே. அதை ஆசைக்கான பண்டமாகப் பார்க்காமல் ஒரு குட்டிச் சாப்பாடாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சாப்பாட்டில் எது குறைந்ததோ அதை நிரப்பும் வேலை இதனுடையது. இந்த வயதில் வழக்கமாகக் குறைவது இரும்புச்சத்து, நார்ச்சத்து, கொஞ்சம் புரதம், நல்ல கொழுப்பு. மாவும் சர்க்கரையும் யாருக்கும் குறைவதே இல்லை.

எனவே நான் பின்பற்றச் சொல்வது ஒரே ஒரு விதி. பழமோ காய்கறியோ கிழங்கோ ஒன்று, அதனோடு முட்டை, தயிர், சீஸ், பயறு, கடலை வெண்ணெய் இவற்றில் ஒன்று. வாழைப்பழத்தை மட்டும் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். அதன் மேல் கடலை வெண்ணெயை மெல்லிசாகத் தடவிக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். புரதமும் கொழுப்பும் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குவதே காரணம். இரண்டு வயதுவரை கொழுப்பு நீக்கிய பாலையும் தயிரையும் தேடிப் போக வேண்டாம். வளரும் மூளைக்குக் கொழுப்பு தேவை.

இனிப்புச் சுவையைக் குழந்தை கேட்பது அதன் குற்றம் இல்லை. அந்த விருப்பம் பிறவியிலேயே வருகிறது, தாய்ப்பாலே இனிப்புதான். அதை மறுத்துப் போராடுவதைவிட, சர்க்கரை டப்பாவைத் திறக்காமலே இனிப்பைக் கொண்டுவருவது எளிது. இதற்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் போல் உதவுவது வேறில்லை. வேகவைப்பதைவிட, தோலோடு மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் சுட்டால் அது தேனாக இனிக்கும். கிழங்கிலேயே இருக்கும் ஒரு நொதி, சூடு மெதுவாக ஏறும்போது மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிறது. குக்கரில் படாரென்று வேகவைத்தால் அந்த நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைப்பதில்லை. சுட்ட கிழங்கை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, கெட்டித் தயிரில் தொட்டுக்கொள்ளக் கொடுக்கலாம். காரட்டும் பூசணியும் சுட்டால் இதே போல் இனிப்பேறும்.

அடுத்தது, பிஸ்கட்டின் இடத்தைப் பிடிக்கக்கூடிய ஒரே பண்டம் என்று நான் நம்பும் வாழைப்பழ அடை. தோலில் கரும்புள்ளி விழுந்த, நன்கு கனிந்த ஒரு வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசியுங்கள். ஒரு முட்டையை அடித்துச் சேர்த்து, பொடித்த ஓட்ஸ் மூன்று மேசைக்கரண்டி, பட்டைத்தூள் ஒரு சிட்டிகை. பத்து நிமிடம் அப்படியே விட்டால் ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்சி மாவு கெட்டிப்படும். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் திருப்பும்போது உடையும். தோசைக்கல்லில் எண்ணெயோ வெண்ணெயோ தடவி, உள்ளங்கையில் பாதி அளவுக்குச் சின்னச் சின்னதாக ஊற்றுங்கள். தீ குறைவாகவே இருக்க வேண்டும். பழத்தின் சர்க்கரை சீக்கிரம் கருகிவிடும். வெளியே கருத்து உள்ளே வேகாமல் போனால் முட்டை வாடை அடிக்கும், குழந்தை தொடாது. ஓரம் காய்ந்து, மேலே குமிழிகள் வெடித்து நின்ற பிறகு திருப்பினால் மிருதுவாக வரும். ஒரு கை பிடித்துக் கடிக்க ஏற்ற பதம். ஆறியதும் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளும் தாங்கும்.

பட்டை, ஏலக்காய், வனிலா போன்றவற்றின் மணமே நாக்குக்கு இனிப்பை நினைவூட்டும் என்பதால், தயிர், ஓட்ஸ் கஞ்சி எதிலும் அவற்றைத் தூவிப் பார்க்கலாம். இனிப்பூட்டும் செயற்கைப் பொருட்களை மட்டும் இந்த வயதில் எடுக்க வேண்டாம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு அவை கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. சர்க்கரை இல்லாவிட்டாலும், எல்லாமே தித்திக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அவை நாக்கில் நட்டுவிடுகின்றன.

தித்திப்பே இல்லாதவையும் தட்டில் இருக்கட்டும். அவித்த முட்டையை நாலாக வகிர்ந்தது, ஆம்லெட்டைப் பட்டையாக நறுக்கியது, நன்கு வெந்த கொண்டைக்கடலையை விரலால் நசுக்கித் தட்டையாக்கி எலுமிச்சைச் சாறு சொட்டியது, அவகாடோ மசித்துத் தடவிய ரொட்டித் துண்டு, துருவிய சீஸோடு வெந்த ப்ரோக்கோலி. இவற்றில் உப்பு மீது ஒரு கண் இருக்க வேண்டும். சர்க்கரையைத் தவிர்க்கிறேன் என்று உப்பு பிஸ்கட்டிலும் சிப்ஸிலும் போய் விழுபவர்கள் உண்டு. பிரிட்டனின் பரிந்துரைப்படி ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை நாளொன்றுக்கு 2 கிராம் உப்புதான் உச்சவரம்பு. சீஸிலும் ரொட்டியிலுமே அதில் ஒரு பங்கு போய்விடும். பயறும் கொண்டைக்கடலையும் இரும்புச்சத்து தருபவை. பக்கத்தில் ஆரஞ்சுச் சுளையோ தக்காளியோ வைத்தால் வைட்டமின் சி அந்த இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவும். எதையும் சாப்பிடவில்லையே என்று நாள் முழுக்கப் பாலாக ஊற்றுவது நேர்மாறான பலனைத் தரும். அரை லிட்டருக்கு மேல் போனால் பால் பசியை அடைத்து, இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கு வழிவகுக்கும்.

இந்த வயதில் ஒரு பண்டத்தின் வடிவமும் அதன் சத்தைப் போலவே முக்கியம். முழுத் திராட்சை குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்து மூடும் அளவிலேயே இருக்கிறது. நீளவாக்கில் நாலாக நறுக்கினால்தான் பாதுகாப்பு. குறுக்கே வட்டமாக நறுக்கினால் அடைப்பு ஆபத்து போகாது. முழுக்கொட்டைகள், சோளப்பொரி, கெட்டியான மிட்டாய், பச்சைக் காரட் துண்டு, ஆப்பிளின் கெட்டித் துண்டு எல்லாமே புரைக்கேறும் ரகம். காரட்டையும் ஆப்பிளையும் வேகவையுங்கள், அல்லது துருவுங்கள். கடலை வெண்ணெயை ஸ்பூன் நிறைய ஊட்டாமல் மெல்லிசாகத் தடவுங்கள். ஓடிக்கொண்டே தின்பதைத் தடுத்தால், பல்லுக்கும் தொண்டைக்கும் ஒரே நேரத்தில் நல்லது செய்ததாகும்.

உலர்பழங்கள் பல வீடுகளில் ‘ஆரோக்கியமான மிட்டாய்’ ஆகிவிட்டன. பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. உலர் திராட்சையும் அதற்கு அருகில்தான். இரும்பும் நாரும் இருப்பது உண்மை. ஆனால் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் இருக்கும். சாப்பாட்டோடு சேர்த்து ஒன்றிரண்டைப் பொடியாக நறுக்கிக் கொடுத்தால் சரி, டப்பாவோடு கையில் கொடுத்துவிடுவது சரியில்லை.

கடையில் வாங்குவதைத் தவிர்க்க முடியாத நாட்கள் எல்லோருக்கும் உண்டு. அப்போது பாக்கெட்டின் முன்பக்கத்தை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். பழச்சுவைத் தயிர் ஒன்றில் 100 கிராமுக்குச் சர்க்கரை 12 கிராம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் தயிரில் லாக்டோஸாக இருப்பது 5 கிராமுக்குள். மிச்சம் 7 கிராம் ஏறக்குறைய முழுக்கச் சேர்த்ததுதான். ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சொன்ன 12 கிராமில் பாதிக்கு மேல் ஒரே கிண்ணத்தில் தீர்ந்தது. வெறும் தயிரில் நீங்களே பழத்தை மசித்துப் போட்டால் அந்த 7 கிராம் மிச்சம். பொருட்களின் பட்டியல் எடை வரிசையில் எழுதப்படுவது. முதல் மூன்றில் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். மால்ட் சாறு, டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், ‘அடர்த்தியாக்கிய பழச்சாறு’ என்று வெவ்வேறு பெயர்களில் பிரித்து எழுதினால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டினால் முதலிடம் அதற்குத்தான்.

‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற வாசகம் இதைவிடத் தந்திரமானது. உறிஞ்சிக் குடிக்கும் பைகளில் வரும் பழக்கூழ் பலவும் இந்த முத்திரையோடு வருகின்றன. கூழாக்கும்போது பழத்தின் செல்சுவர் உடைந்து சர்க்கரை வெளிவந்துவிடுவதால், பிரிட்டனின் வரையறையில் அதுவும் தவிர்க்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் வியன்னா, சோஃபியா, புடாபெஸ்ட், ஹைஃபா ஆகிய நான்கு நகரங்களில் விற்ற சுமார் 8,000 குழந்தை உணவுகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், மூன்று நகரங்களில் பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பொருட்களின் கலோரியில் 30 சதவீதத்துக்கு மேல் சர்க்கரையிலிருந்தே வந்தது. பைகளில் கீரை, பட்டாணி என்று எழுதியிருந்தாலும் உள்ளே சுவை ஆப்பிளுடையதாக இருப்பது வழக்கம். அதைக் குடித்து வளரும் குழந்தைக்குக் கீரையின் சுவை தெரிய வாய்ப்பே இல்லை.

ஏற்கெனவே இனிப்புக்குப் பழகிவிட்ட குழந்தையை ஒரே நாளில் திருப்ப முயன்றால் வீடு ரெண்டுபடும். பழச்சுவைத் தயிரில் நாலில் ஒரு பங்கு வெறும் தயிரைக் கலந்து ஒரு வாரம், பிறகு பாதிக்குப் பாதி, பிறகு முக்கால் என்று நகர்ந்தால் நாக்கு கவனிக்காமலே பழகும். ஜூஸிலும் தண்ணீரை இதே போல் ஏற்றலாம். புதிதாக ஒன்றைக் கொடுத்துக் குழந்தை துப்பினால் ‘பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடாதீர்கள். இரண்டு வயதையொட்டிப் புதிய உணவைச் சந்தேகிப்பது இந்த வயதின் குணம். பத்து, பதினைந்து முறை கண்ணில் பட்ட பிறகே பல குழந்தைகள் வாயில் வைக்கின்றன. ஒவ்வொரு முறையும் பட்டாணி அளவு வைத்தால் வீணாவதும் குறைவு.

கட்டாயப்படுத்துவதும் பரிசு கொடுப்பதும் இங்கே எதிர்விளைவுதான். ‘காரட்டைத் தின்றால் சாக்லேட்’ என்றால் காரட் தண்டனை, சாக்லேட் வெகுமதி என்று குழந்தை சரியாகவே புரிந்துகொள்ளும். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பிரிவினை இதற்கு நல்ல வழி: எது, எப்போது, எங்கே என்பது பெரியவர் முடிவு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. தட்டை வைத்து இருபது நிமிடம் ஆனதும், தின்றதோ இல்லையோ, எடுத்துவிடுங்கள். அடுத்த இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குத் தண்ணீர் மட்டும். முதல் சில நாட்கள் அழுகை இருக்கும். அந்த அழுகைக்குப் பிஸ்கட்டை எடுக்காமல் இருந்தால், அடுத்த தட்டுக்கு வரும்போது குழந்தைக்கு நிஜமாகவே பசித்திருக்கும்.